வாத்தியார் பக்கத்துப் பிரேக்

1. மாடியில் என்ன பள்ளம்?

கிடார் வகுப்பில் சேர்ந்த முதல் மாதம் நான் அதிகம் செய்த காரியம், தரையை ஓங்கி மிதித்தது. மாஸ்டர் பயந்துபோனார். ஏன் மிதித்தேன் என்று சொல்வதற்கு முன், என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பாலக்கோட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கால் நூற்றாண்டாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். டீச்சர்கள், வியாபாரிகள், கல்யாணத்துக்குள் லைசென்ஸ் எடுத்தே தீரவேண்டிய மாப்பிள்ளைகள் என்று எல்லோரும் என் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்திருக்கிறார்கள். இசைக்கும் எனக்கும் உள்ள உறவு ஹாரனோடு சரி.

எங்கள் ஆபீசுக்கு மேல் மாடியில் கிடார் வகுப்பு. நடத்துகிறவர் சகாயம். முப்பது வயதுக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பார். புதிதாக யார் சேர்ந்தாலும் தான் போட்ட ஒரு சின்ன மெட்டைத்தான் முதலில் கொடுப்பார். கீழே உட்கார்ந்து அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று பிடிபட்டது. யார் வாசித்தாலும் அது ஒரே இடத்தில் நின்றுபோகும். கிளட்சைப் படக்கென்று விட்டால் வண்டி குலுங்கி ஆஃப் ஆகுமே, அந்த மாதிரி. எங்கள் தொழிலிலும் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. எந்த வேகத்தடையில் எல்லோருக்கும் வண்டி ஆஃப் ஆகும், ஏன் ஆகும் என்று எனக்குத் தெரியும். மாடியில் அந்த இடத்தில் மட்டும் என்னதான் பள்ளம்? தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஐம்பத்து நாலு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வூட்ல வெச்சு வாசிக்க மாட்டீங்கல்ல?"

அந்தச் சமயத்தில் என்னிடம் கார் பழகிக்கொண்டிருந்தவர் மாதம்மாள். மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளித் தோட்டம். நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டுக்காரருக்குச் சர்க்கரையால் கண் மங்கிவிட்டது. அவர் ஓட்டிக்கொண்டிருந்த குட்டியானை லோடு வண்டி வாசலில் சும்மா நின்றது. மாதம்மாள் டெஸ்டில் இரண்டு தடவை தோற்றிருந்தார், இரண்டு தடவையும் மேட்டில். மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் வண்டியை எடுக்க வேண்டும். அவருக்கு உருண்டது. அடுத்த டெஸ்ட் நெருங்கிக்கொண்டிருந்தது.

"இந்த வாட்டியும் போச்சுன்னா வண்டிய வித்துடலாம்னு எங்க வூட்டுக்காரரே சொல்லிட்டாருங்க சார்" என்றார். அதைச் சொல்லும்போது ஸ்டியரிங்கை விடவில்லை.

2. எஃப்

பள்ளத்தின் பெயர் எஃப் என்று முதல் மாதமே தெரிந்துவிட்டது. கார்டு என்றால் விரல்களால் சில கம்பிகளை அமுக்கிக்கொண்டு மொத்தமாக மீட்டும் கூட்டு ஒலி. சி, ஜி என்ற கார்டுகளைக் கெஞ்சிக் கூத்தாடிப் பிடித்துவிடலாம். எஃப்புக்கு மட்டும் ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து ஒன்றுக்கு மேற்பட்ட கம்பிகளை அமுக்க வேண்டும். அமுங்காத கம்பி 'டொக்' என்று செத்த சத்தம் தரும். இடது கை விரல்நுனியெல்லாம் எரிந்து, சட்டைக்குப் பட்டன் போடவே சிரமப்பட்டேன். கியர் மாற்றத் தடுமாறுகிறவர்களை நான் எப்படியெல்லாம் கேலி செய்திருக்கிறேன் என்பது அப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

விரலைவிடப் பெரிய தொல்லை கால். மாஸ்டர் வகுப்பில் பலகை மேடை போட்டு, அதன்மேல் ஸ்டூல் வைத்திருந்தார். எஃப்பில் கம்பி 'டொக்' என்ற மறுவினாடி என் வலது கால் பலகையில் 'டம்' என்று இறங்கும். கையும் நின்றுவிடும். மறுபடி ஆரம்பிப்பேன். டொக், டம். கீழேயிருந்து எங்கள் ஓனர் குரல் கொடுத்தார். "மேல என்னாங்க, உரல்ல இடிக்கிறீங்களா?"

சகாயம் கிடாரை மடியில் படுக்கவைத்துவிட்டு, காலால் என்ன செய்கிறேன் என்று கேட்டார். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. டிரைவிங் ஸ்கூல் காரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் தப்பு செய்தால் வண்டியை நான் நிறுத்த வேண்டும். தப்பு என்றால் பிரேக். அந்தக் கால் வேறெதையும் கற்றதில்லை.

இதைச் சொன்னதும் சகாயம் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் யோசித்தார்.

"அப்போ உங்க ஸ்டூடன்ட் எப்பண்ணா பிரேக் போடுவாங்க?"

அவங்களும் போடுவாங்க என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அவர் அதை அதற்குமேல் கிளறவில்லை. எஃப் தப்பாக விழுந்தாலும் வலது கை மீட்டிக்கொண்டே போகட்டும், நிறுத்தாதீர்கள், அந்தக் காலைச் சும்மா வைக்காமல் தாளத்துக்கு வையுங்கள் என்று பாடத்துக்குத் திரும்பிவிட்டார். எனக்குத்தான் கேள்வி இறங்கவே இல்லை.

3. பஞ்சப்பள்ளி ரோட்டு மேடு

மறுநாள் காலை மாதம்மாளோடு போகும்போது நான் ரோட்டைக் கொஞ்சமாகவும் எங்கள் இருவரின் கால்களை நிறையவும் பார்த்தேன். எதிரே ஒரு மாடு வந்தது. அவர் கால் பிரேக்குக்குப் போவதற்குள் என் கால் போய்விட்டது. தெருமுனையில் ஒரு மொபெட், அதற்கும் அப்படித்தான். வண்டி நின்றபோதெல்லாம் தானே நிறுத்தியதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிரேக்கை எவ்வளவு அமுக்கினால் மேட்டில் வண்டி நிற்கும் என்று அந்தக் காலுக்குத் தெரிய ஒரு நாளும் நான் விட்டதில்லை. டெஸ்டில் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் உட்காருவார். அவர் எதற்கு மிதிக்கப் போகிறார்?

பஞ்சப்பள்ளி அணைக்குப் போகும் ரோட்டில் வண்டி நடமாட்டம் குறைந்த ஒரு மேடு உண்டு. அங்கே நிறுத்தச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பந்திக்கு உட்கார்ந்த மாதிரி இருந்திருக்கும்.

"காலைக் கீழ வெச்சுக்குங்க சார், பயமா இருக்குது."

வைக்க மாட்டேன், இனி நீங்கள்தான் நிறுத்த வேண்டும் என்றேன். ஹேண்ட் பிரேக்மேல் என் கை இருந்தது, அதை மறைக்கவில்லை. வண்டி மெல்ல ஏறி, திணறி, பின்னால் உருள ஆரம்பித்தது. தொடைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்த என் வலது கால் துடித்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. மாதம்மாள் மிதித்தார். வண்டி குலுங்கி நின்று ஆஃப் ஆனது.

பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே என் பக்கம் திரும்பினார்.

"நான்தான் நிறுத்தனனா சார்?"

"ஆமாங்க. நீங்கதான்."

அவர் கேட்காமலே வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தார். அன்று அந்த மேட்டில் எத்தனை தடவை ஏறி இறங்கினோம் என்று எண்ணவில்லை. எனக்குக் கால் மரத்துப்போனது.

எனக்கு ஒன்று வேடிக்கையாகவே இருந்தது. மாடியில் நிறுத்தாதே என்கிறார்கள், மேட்டில் நான் நிறுத்து என்கிறேன். இரண்டும் எப்படிச் சரியாகும் என்று பல நாள் யோசித்தேன். கடைசியில் தோன்றியது இதுதான். இரண்டு இடத்திலும் என் கால்தான் குறுக்கே நின்றது.

4. டெஸ்டுக்குப் பிறகு

டெஸ்ட் அன்று நான் வேலிக்கு வெளியே நின்றேன். மாதம்மாள் மேட்டில் ஏறும்போது என் வலது செருப்பு புழுதியில் அரை அங்குலம் புதைந்தது. வண்டி நின்றது. உருளவில்லை. அப்புறம் ஏறிப் போயே போய்விட்டது. இறங்கி வந்தவர், வீட்டுக்காரருக்கு போன் போட்டு, "விக்க வேணாம்" என்று மட்டும் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஒரு சாயங்காலம், தானே ஓட்டிவந்த குட்டியானையை ஆபீஸ் வாசலில் நிறுத்திவிட்டு, நான் எங்கே என்று கேட்டு மாடிக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பை தக்காளி. வாத்தியார் படிக்கிறார் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. சகாயம் அவருக்கு மேடையிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு, வாசிங்கண்ணா என்றார்.

வாசித்தேன். சி வந்தது, ஜி வந்தது. என் கால் தாளத்தில் இருந்தது. எஃப் வந்தது. டொக். உடனே பலகையில் 'டம்' என்று ஒரு மிதி.

என் கால் இல்லை. மாதம்மாளின் வலது கால்.

நான் நிறுத்தவில்லை. அடுத்த கார்டுக்குப் போய், அதற்கடுத்ததுக்கும் போய், சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக அந்த மெட்டை முழுசாக முடித்தேன்.

"பாதியில ஆஃப் ஆயிருமோன்னு பயந்துட்டேங்க" என்றார் அவர், காலை உள்ளே இழுத்துக்கொண்டு.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். ஓட்டுகிறவரைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் பயம் அதிகம். அதை அவன்தான் அடக்கிக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் சம்மணம் போட்டு உட்காருங்கள்.