சுவரில் படாத கம்பு

தணலில் வாட்டிய மூங்கில் கம்புக்குத் தேங்காயெண்ணெய் தேய்க்கும்போது ஒரு வாடை எழும். பாதி வறுத்த அரிசி, பாதி புகைந்த விறகு. நமுனுகுல மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், 'காம்பரா' என்று நாங்கள் சொல்லும் ஒற்றை அறைக்குள் அந்த வாடை வந்துவிட்டால், மாரியம்மன் திருவிழா நெருங்கிவிட்டது, அப்பா அண்ணனுக்குச் சிலம்பம் பழக்கத் தொடங்கிவிட்டார் என்று தெரிந்துகொள்வேன். மற்றப் பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை நினைப்பு வரும். எனக்குக் கம்பு நினைப்புதான். கம்பு கண்ணில் பட்டால் என்னாகும், காதில் பட்டால் என்னாகும் என்று ஒவ்வோர் உறுப்பாக நினைத்துப் பயப்படுகிற பிள்ளை நான், இன்றைக்கும் அப்படித்தான்.

பூனாகலைப் பக்கத்து ஆட்டக்காரர்கள் பட்டப்பகலில், வெட்டவெளியில், வருகிறவன் போகிறவனையெல்லாம் பார்க்கவிட்டுப் பழகுவார்கள். அப்பாவுக்கு அது பிடிக்காது. "பாத்தான்னா களவாண்டுருவான்" என்பார். காலையில் வேலைக்கு ஆள் கூடும் 'பெரட்டுக்களம்' அவ்வளவு பெரிதாகக் கிடந்தும், எதிரெதிரே வரிசைவீடுகளாக நின்ற இரண்டு லயங்களுக்கு நடுவேயிருந்த ஒடுங்கிய சந்தில்தான் அண்ணனைப் பழக்கினார். அம்மா கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் 'படங்கு' துணியை ஒரு முனையிலும், பழைய சாக்கை மறுமுனையிலும் தொங்கவிட்டு மறைத்துக்கொள்வார். முதலில் கம்பில்லாமல் காலடி மட்டும், கால் தன்னால் போகும்வரைக்கும். அப்புறம் கம்பைத் தலைக்குமேல் சுழற்றுவது. அதெல்லாம் படிந்த பிறகுதான் எதிராளியின் விலாவைத் தேடிப் போகும் பக்கவீச்சு.

பக்கவீச்சில்தான் தொல்லை வந்தது. கம்பு முழுசாகப் போய்வர அந்தச் சந்து காணாது. ஒரு சாயந்தரம் எதிர்லயத்துப் பார்வதி அக்காவின் சுவரில் கம்பு மோத, உள்ளே தூளியில் கிடந்த பிள்ளை அலறியது. அக்கா இடுப்பில் கையோடு வெளியே வந்தார்.

"ஏண்ணே, ஒங்க மகன் சண்டியனாகுறதுக்கு எஞ்செவுருதான் கெடச்சிச்சா? இன்னொருக்கா சத்தம் கேட்டுச்சு, கம்பு எங்க அடுப்புல கெடக்கும், பாத்துக்கங்க."

"இனிமே கேக்காது தங்கச்சி" என்றார் அப்பா.

அன்றிலிருந்து அதுவே பாடமாகிவிட்டது. முழுவேகத்தில் வீசவேண்டும், சுவருக்கு ஒரு விரற்கடை முன்னே கம்பு நின்றுவிட வேண்டும். மணிக்கட்டு வீங்க வீங்க அண்ணன் பழகினான். நான் காம்பரா வாசலில் குந்திக்கொண்டு, பட்டுவிடக் கூடாது தாயே, பட்டுவிடக் கூடாது என்று முணுமுணுத்தபடியே இருப்பேன். படவில்லை. கடைசியில் பார்வதி அக்காவே, "என்னண்ணே, மகன் கம்பத் தூக்கிக் கடாசிட்டானா? சத்தத்தையே காணோம்" என்று கேட்கும்படி ஆயிற்று. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "செவுத்துல ஒரு கீறல் காட்டுங்க பாப்போம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

அப்பாவின் இருமல் முற்றி அவர் வேலைக்குப் போவது குறைந்துகொண்டிருந்த காலம் அது. அண்ணனுக்கு அப்போதுதான் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்திருந்தது. அவன் கை உழைப்பும் சேர்ந்துவிட்டால் நான் படிப்பை நிறுத்தவேண்டியதில்லை என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அதனால் அந்தக் கையை நினைத்து நான் பயந்த பயத்தில் என் சுயநலமும் கொஞ்சம் இருந்திருக்கும்.

திருவிழா அன்று பகலில், கோயிலுக்கு முன்னாலிருந்த வெளியில், தப்பு முழங்க அண்ணன் இறங்கினான். எதிரே பூனாகலையிலிருந்து வந்த ஒரு பையன். மேலில் கம்பு பட்டவன் தோற்றவன், அவ்வளவுதான் ஆட்டம். "ஏய் பூனாகல, சந்துக்குள்ள வளந்த புலி வருது, தள்ளி நில்லு!" என்று எங்கள் ஆட்கள் கத்தினார்கள். அண்ணன் பக்கவீச்சை எடுத்தான். கம்பு காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. அதைத் தடுக்க அந்தப் பையன் முழுப்பலத்தோடு தன் கம்பைக் கொண்டுவந்தான். பாதிவழியில் அண்ணனின் கம்பு நின்றது. சுவர் கிடையாது, தூளிப்பிள்ளை கிடையாது, சுற்றிலும் வெறும் வெளி. ஆனாலும் அவன் கை நிறுத்திவிட்டது. மோத எதுவும் கிடைக்காமல் வந்த தடுப்பு, வந்த வேகத்திலேயே அண்ணனின் வலது முழங்கையில் இறங்கியது.

அந்தப் பையன் கம்பைப் போட்டுவிட்டு அழுதான். "வருதுன்னு நெனச்சித்தாண்ணே தடுத்தேன். ஏண்ணே நிப்பாட்டுனீங்க?"

மண்ணில் உட்கார்ந்திருந்த அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அப்பா தோள் துண்டை எடுத்து உதறினார், மடித்தார், மறுபடியும் உதறினார்.

எலும்பு முறிவுக்குப் போட்ட கட்டை அவிழ்த்தபோது கை நீளவில்லை. மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை ஓங்க முடியாத ஆளைத் தோட்டம் வைத்துக்கொண்டு என்ன செய்யும்? நான் எட்டாம் வகுப்போடு நின்று, பதுளையில் ஒரு துணிக்கடைக்குச் சேலை மடிக்க வந்தேன். "நாஞ் சரியாத்தானே பழக்குனேன்?" என்று அப்பா கண்மூடும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த லயங்கள் இல்லை. மண் சரியும் என்று ஆட்களை வேறிடத்துக்கு எழுப்பிவிட்டார்கள். சந்து இருந்த இடத்தை மானாப்புல் மூடிவிட்டது. சிலம்ப வரிசைகளை ஒளித்துவைப்பாரும் யாரும் இல்லை, எல்லாம் போனில் கிடக்கிறது. பதுளையில் ஒரு மண்டபத்தில், தலைக்கவசம் மாட்டிய பிள்ளைகளுக்கு அண்ணன் சிலம்பம் பழக்குகிறான். வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்காமல் என் மகளும் போகிறாள். அடுத்த வாரம் மொனராகலையில் அவளுக்குப் போட்டி.

நேற்று அவளைக் கூட்டிவரப் போனேன். வரிசையாக நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் வலது முழங்கையை மடக்கியே கம்பைப் பிடித்திருந்தார்கள். மகளிடம் போய் அவள் கையை நீட்டிவிட்டேன். "விடும்மா, மாமா இப்பிடித்தான் புடிக்கிறாரு" என்று திரும்ப மடக்கிக்கொண்டாள்.

அண்ணனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்.

"தெரியும் தங்கச்சி. நீட்டு நீட்டுன்னு தொண்ட கிழியக் கத்துறேன். அதுங்க என் வாயவா பாக்குதுங்க?"

சொல்லிவிட்டுப் போய்ப் பிள்ளைகளுக்கு முன்னால் கம்போடு நின்றான். "கைய நீட்டு!" என்றான். பிள்ளைகள் அவனையே பார்த்துக்கொண்டு, ஒன்றுபோல மடக்கினார்கள்.