வேலை செய்யாத புரொஜெக்டர்

தெர்மோகோல் அட்டைப்பெட்டிக்குள் இறங்கவில்லை. கிருபைராஜ் அதை வெளியே எடுத்து, திருப்பிப் பார்த்து, மறுபடியும் செருகினார். ஒரு மூலை நொறுங்கியது. வெள்ளைத் துணுக்குகள் மின்விசிறிக் காற்றில் அலமாரிக்கு அடியில் ஓடின.

"வரும்போது உள்ளதான இருந்துச்சு," என்றாள் கெசியா. அடுக்களை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இருந்துச்சு."

"அப்ப உள்ள போகணும்லா."

"வயர எந்தப் பக்கம் வச்சிருந்தான்னு தெரியல."

"ஒரு சாமான் வாங்குததுக்கு மின்ன ஆறு மாசம் படிப்பீங்க. திருப்பிக் கட்டுததுக்கு ஒண்ணும் படிக்கலையோ."

புரொஜெக்டரை எடுத்துப்போக ஆள் வரும் நேரம் ஆகிவிட்டது. லென்ஸை மூக்குக்கண்ணாடித் துணியால் இன்னொரு முறை துடைத்தார். ரிமோட்டின் பேட்டரிகளைக் கழற்றி, அவை வந்த பிளாஸ்டிக் உறையிலேயே போட்டார். உறையின் வாயை ஒட்ட முடியவில்லை. மடித்து வைத்தார்.

கிருபைராஜ் பாளையங்கோட்டையில் ஓர் உதவிபெறும் பள்ளியில் எழுத்தர். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் ஓய்வுநாள் பள்ளிக்குப் பொறுப்பு. இந்த இரண்டும் அல்லாமல் அவருக்கு மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தது: பார்த்து வாங்குகிறவர். பள்ளியில் யார் மிக்ஸி வாங்கினாலும், இன்வெர்ட்டர் வாங்கினாலும், கடைக்குப் போகுமுன் அலுவலக ஜன்னல் அருகே வந்து நிற்பார்கள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொல்வார். எந்த மோட்டாரில் செம்பு, எதில் அலுமினியம். எந்தக் கம்பெனிக்கு வண்ணார்பேட்டையில் சர்வீஸ் உண்டு, எதற்கு மதுரைக்கு அனுப்ப வேண்டும். அவர் வீட்டு மிக்ஸி கல்யாணத்துக்கு வந்தது. ஒரு ஜாடிக்குப் பிடி இல்லை. இது ஜன்னலில் நிற்பவர்களுக்குத் தெரியாது.

புரொஜெக்டர் மட்டும் அவர் தனக்காகப் படித்தது. மூன்று வருடமாகப் படித்தார். மதிய இடைவேளையில் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, போனில் விமர்சனங்கள் பார்ப்பார். விளம்பரத்தில் பத்தாயிரம் லூமன் வெளிச்சம் என்று போட்டிருப்பது கதை. முறையாக அளந்தால் ஐந்நூறு தேறினால் பெரிது. பெட்டியில் 4K என்று எழுதியிருந்தால், அந்தப் படத்தை அது வாங்கிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம். அந்தத் தெளிவில் காட்டும் என்று அர்த்தமில்லை. லென்ஸ் இருக்கும் அறை மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் தூசி போய் உட்கார்ந்து, படத்தில் கரும்புள்ளியாக நிற்கும். விலை குறைந்தவற்றில் விசிறி இரையும். கடைக்காரன் கதவைச் சாத்திவிட்டுக் காட்டினால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். கதவைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஹாலின் மேற்குச் சுவரிலிருந்த அலமாரியை நகர்த்தினார். ஆணிகளைப் பிடுங்கி, துளைகளை அடைத்து, வெள்ளை அடித்தார். சுவர் தயாராக இருந்தது. புரொஜெக்டர் வரவில்லை. மகன் ஹெப்ரான் கல்லூரியில் சேர்ந்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு பருவத்திலும் கட்டணம் வந்தது.

சபைப் பொருளாளர் எபனேசர் ஒருநாள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார்.

"என்ன வே, சுவரு மொட்டையாக் கெடக்கு?"

"புரொஜெக்டருக்கு," என்றார் கிருபைராஜ்.

"ஓ," என்றார் எபனேசர். சுவரை மரியாதையாகப் பார்த்தார்.

இன்னும் வாங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். கெசியா காப்பி கொண்டுவந்தாள். பேச்சு வேறு பக்கம் போயிற்று.

மே மாதம் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி. வி.பி.எஸ். என்றால்தான் ஊரில் தெரியும். பாட்டும் கதையும் கைவேலையும் கடலைமிட்டாயும். எந்த வீட்டுப் பிள்ளையும் வரலாம். கடைசி நாள் சாயங்காலம் சபை வளாகத்தில் படம் போடுவது வழக்கம். சபையின் பழைய இயந்திரத்தில் பல்பு போய்விட்டது. கமிட்டியில் வாடகைக்கு எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

"வாடகை எதுக்கு?" என்றார் எபனேசர். "நம்ம கிருபைராஜ் வீட்ல ஒண்ணு இருக்குல்லா. என்ன வே, பிள்ளேளுக்குத் தரமாட்டீரா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குருவானவர் புன்னகை செய்தார். இல்லை என்று சொல்ல நேரம் இருந்தது.

"தாரேன்," என்றார் கிருபைராஜ்.

அந்த வாரம் அவர் தேர்ந்தெடுத்தார். மூன்று வருடப் படிப்பு இரண்டு புரொஜெக்டர்களில் வந்து நின்றது. ஒன்றுக்கு மூடிய லென்ஸ், இரையாத விசிறி, படம் சாய்ந்தால் தானே நேராக்கிக்கொள்ளும். அவர் ஜன்னலில் நின்று யாராவது கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்லியிருப்பார். அதன் கீழே சிறிய எழுத்தில், பழுதானால் மாற்றுப் பொருள் மட்டும் என்று போட்டிருந்தது. மற்றது எல்லா விதத்திலும் ஒரு படி கீழே. அதன் கீழே, பத்து நாளுக்குள் திருப்பித் தரலாம், பணம் முழுவதும் கிடைக்கும் என்று போட்டிருந்தது.

இரண்டாவதை வாங்கினார். பெட்டி வந்ததும் கெசியா பெயரைப் படித்தாள்.

"இது இரையும்னு சொன்னீங்களே?"

"இது போதும்."

கெசியா அவர் முகத்தைப் பார்த்தாள்.

சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு சாயங்காலம் மேற்குச் சுவரில் போட்டார். என்ன போடுவது என்று தெரியாமல் ஒரு சமையல் வீடியோவைப் போட்டார். தக்காளி பூசணிக்காய் அளவுக்கு வந்தது. வெங்காயம் நறுக்கும் கை சுவரின் பாதியை அடைத்தது. கெசியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அந்தப் பிள்ள நகத்துல அழுக்கப் பாருங்க," என்றாள். இரண்டு வீடியோக்கள் பார்த்தார்கள். விசிறி இரைந்தது. அவர் நினைத்த அளவுக்கு இல்லை.

வியாழக்கிழமை பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து, திருப்பி அனுப்பும் வேண்டுகோளைப் பதிந்தார். எடுத்துப்போக ஆள் வர இரண்டு நாள் ஆகும், அதற்குள் படம் போட்டு முடித்துவிடலாம் என்பது கணக்கு. காரணம் கேட்டது. பிடிக்கவில்லை என்று போட்டால் கேள்வி வரலாம் என்று நினைத்தார். 'வேலை செய்யவில்லை' என்பதைத் தொட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேப்பமரத்துக்கும் சபைச் சுவருக்கும் நடுவில் நாலு முழ வேட்டியை இழுத்துக் கட்டி, கப்பலும் பெரிய மீனும் வரும் பொம்மைப் படம் போட்டார்கள். மீன் வாயைத் திறந்தபோது சின்னப் பிள்ளைகள் பின்னால் நகர்ந்தார்கள். படம் நன்றாக விழுந்தது. எபனேசர் இருட்டில் அவர் தோளைத் தட்டினார். படம் முடிந்ததும் பிள்ளைகள் புரொஜெக்டர் இருந்த ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு, இயந்திரத்தின் சூட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். கேட்டருகே தகப்பன்மார் சிலர் பைக்கில் காத்திருந்தார்கள்.

சனிக்கிழமையன்று, கடைசியில் வயரை மேலே வைத்ததும் தெர்மோகோல் உள்ளே போயிற்று. அவர் பெட்டியை மூடும்போது வெளியே பைக் வந்து நின்றது.

"கிருபைராஜ், ரிட்டர்ன்."

வாசலில் நின்றவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். முப்பது வயது இருக்கும். முதுகில் பெரிய பை. பொருளைக் கொண்டுவந்து தந்தவன் வேறு ஆள். இவனை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது.

"சார், நீங்களா? உங்க வீடா இது?" அவன் முகம் மலர்ந்தது. "நான் மாரிசெல்வம். வேணியோட அப்பா. உங்க வி.பி.எஸ்-ல மஞ்சக் குரூப்பு."

"வாங்க தம்பி."

"நேத்து கேட்டுப் பக்கத்துல நின்னு நானும் பாத்தேன் சார். வேணிக்கு ராத்திரி பூரா அந்த மீனு பேச்சுதான். தூங்கவே விடல."

கெசியா கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாரிசெல்வம் போனைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சாரி சார். இது வியாழக்கெழம வந்த ரிக்வெஸ்ட். நேத்தே எடுத்துருக்கணும். லோடு கூட இருந்துச்சு, முடியல. நேத்து எடுத்துட்டுப் போயிருந்தா பிள்ளேளுக்குப் படம் இல்லாமப் போயி—"

போனில் அடுத்த வரிக்கு, திருப்பி அனுப்பும் காரணத்துக்கு, வந்திருந்தான். நிறுத்தினான். அவனுடைய கட்டைவிரல் திரைக்கு மேலே அப்படியே நின்றது.

கிருபைராஜ் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்ல வேண்டும். படத்துக்குப் பிறகுதான் கெட்டுப்போயிற்று என்பது உட்பட, சொல்வதற்கு இருந்த எல்லாவற்றையும் வியாழக்கிழமை என்ற ஒரு சொல் அடைத்துக்கொண்டது.

"செக் பண்ணணும் சார்," என்றான் மாரிசெல்வம். குரலைத் தணித்துக்கொண்டான். "அது ரூல்ஸு. நம்பர் மட்டும் பாத்துக்கிடுதேன்."

தரையில் குத்தவைத்துப் பெட்டியைத் திறந்தான். போட்டுக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. தெர்மோகோலை மெதுவாக எடுத்து ஓரமாக வைத்தான். எண் அடிப்பக்கத்தில் இருந்தது. புரொஜெக்டரைத் தலைகீழாகத் திருப்பினான்.

எண்ணுக்குப் பக்கத்தில் விளிம்போரமாக ஒரு தங்க நிற நட்சத்திரம் ஒட்டியிருந்தது. வி.பி.எஸ்-ல் தினமும் வருகைக்குக் கொடுப்பது. கிருபைராஜ் சென்னை மொத்தக்கடை ஒன்றிலிருந்து வரவழைத்தவை. உரித்தால் சுலபத்தில் வராத பசை என்று பார்த்து வாங்கியிருந்தார்.

மாரிசெல்வம் அதைப் பார்த்தான். சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

"என் மவ வேல. ராத்திரி சொன்னா. ஒரு ஸ்டாரு சாருக்குக் குடுத்துட்டேன்ப்பான்னு. எங்கன குடுத்தன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கா. இங்கனதான் போல."

"நான் கவனிக்கல," என்றார் கிருபைராஜ்.

"ஒட்டுனதோட கொண்டுபோனா கம்பெனி ஹப்ல எடுக்க மாட்டாங்க சார். என் தலையில கட்டிருவாங்க."

நகத்தால் சுரண்டினான். நட்சத்திரத்தின் ஒரு கை மட்டும் வந்தது. கெசியா கேட்காமலே தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தையும் பழைய துணியையும் கொண்டுவந்து வைத்தாள். யாரையும் பார்க்காமல் திரும்பிப் போனாள். அவன் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்தான். நட்சத்திரம் துண்டு துண்டாக வந்தது. கிருபைராஜ் நின்றுகொண்டிருந்தார். குனிந்து தாமே செய்யலாம் என்று தோன்றியது. அவர் குனியவில்லை.

பசையின் கறை நட்சத்திர வடிவத்திலேயே மங்கலாக நின்றது. மாரிசெல்வம் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

"வேணும்னா கேன்சல் போட்டுரலாம் சார். கஸ்டமர் மனசு மாறிட்டாருன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. நீங்களே வச்சுக்கிடலாம்."

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. கேட்ட விதத்தில் குத்தல் எதுவும் இல்லை. கிருபைராஜ் மேற்குச் சுவரைப் பார்த்தார். மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டிய ஹெப்ரானின் கட்டணத்தை நினைத்தார். அதை நினைத்துக்கொண்டதில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியையும் அவர் கவனித்தார்.

"இல்ல தம்பி. எடுத்துட்டுப் போங்க."

"சரி சார்."

"கறை... உங்களுக்கு ஒண்ணும் வராதுல்லா?"

"பாத்துக்கிடலாம் சார். கீழதான இருக்கு. யாரு திருப்பிப் பாக்கப் போறா."

போனில் அடுத்தடுத்து வந்த கேள்விகளுக்கு விரலால் பதில் சொன்னான். கறை, கீறல் உண்டா என்று கேட்டிருக்க வேண்டும். அங்கே மட்டும் விரல் கொஞ்சம் தாமதித்தது. பெட்டியை மூடினான். ஒரே முயற்சியில் தெர்மோகோல் உள்ளே போயிற்று.

"எல்லாரும் செய்யுததுதான் சார்," என்றான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு. "கிரிக்கெட்டு ஃபைனலுக்குப் பெரிய டீவி வாங்கி மறுநாளு திருப்பிக் குடுக்காங்க. நீங்க பிள்ளேளுக்குத்தான செஞ்சீங்க."

கிருபைராஜ் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். அவன் வேண்டாம் என்றான். பெட்டியைப் பைக்குள் வைத்து, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போனான்.

உள்ளே கெசியா எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளுகிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"அவனுக்குத் தெரிஞ்சிட்டு."

"அது அவன் கண்டுபிடிச்சது. நீங்க சொன்னதில்ல."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வி.பி.எஸ். பரிசுகள் கொடுத்தார்கள். கிருபைராஜ் பெயர்களை வாசித்தார். குருவானவர் பேசும்போது, சொந்தப் பொருளைப் பிள்ளைகளுக்காக மனமுவந்து தந்த சகோதரர் என்று அவரைக் குறிப்பிட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு நாள் விடாமல் வந்ததற்காக வேணிக்கு பென்சில் பெட்டி கிடைத்தது. முகப்பில் எபனேசர் அவரை நிறுத்தினார்.

"வே, அந்த மெசின ஒருநாளு தாரும். பேரன் பொறந்தநாளு வருது."

வேணி பென்சில் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். "அது ரிப்பேராப் போச்சு. எங்கப்பாதான் எடுத்துட்டுப் போனாங்க. சரியாக்கிருவாங்களாம்."

"ரிப்பேரா வே?"

"ஆமா," என்றார் கிருபைராஜ்.

"நீரு பாத்து வாங்குனதே இந்த லெச்சணம்னா, நாங்கள்லாம் கடைக்கே போகப்பிடாது போலுக்கே."

எபனேசர் சிரித்தார். கிருபைராஜும் சிரித்தார். வேணி அவரைப் பார்த்து, "சார், அடியில ஒண்ணு ஒட்டியிருக்கேன்," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பு. சாப்பிட்டு எழுந்தபோது, பொருள் சரிபார்க்கப்பட்டது, பணம் அனுப்பப்படும் என்று செய்தி வந்தது. கெசியா அலமாரிக்கு அடியில் விளக்குமாற்றை விட்டு தெர்மோகோல் துணுக்குகளைக் கூட்டினாள். சாயங்காலம் பள்ளி ஆசிரியை பியூலா போன் செய்து, கிரைண்டர் வாங்க வேண்டும், எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்டார். கடையில் கேட்டு வாங்குங்கள் என்றார் கிருபைராஜ்.