புளி குடோனில் தங்கிய மழைநாட்கள்

என் வாடகை வீட்டின் பின்சுவர் இடிந்து விழுந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஜவ்வாது மலைக்கு ஆசிரியையாக வந்த இரண்டாவது வருடம் அது. விடாத மழை. சாயங்காலம் வந்து பார்த்தால், சமையலறை இருந்த இடத்தில் செம்மண் சேறுதான் இருந்தது. கணவருக்கு வேலூரில் வேலை. காவலூரைத் தாண்டி மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டதால், அவர் ஏறி வரவும் வழியில்லை, நான் இறங்கிப் போகவும் வழியில்லை.

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "நர்ஸம்மா குடோனுக்குப் போய்டுங்க டீச்சர். வூடு போன எல்லாரும் அங்கதான் கீறாங்க."

நர்ஸம்மாவை மலையில் தெரியாதவர்கள் இல்லை. கண்ணமங்கலத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். மலை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு ஊருக்குத் திரும்பாமல், உள்ளூர்க்காரர் சிலரோடு சேர்ந்து ஒரு சிறு அறக்கட்டளை தொடங்கியிருந்தார். பழைய புளி குடோன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கூரையைச் சரிசெய்து, ஆபத்துக் காலத்தில் வருகிறவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்துவந்தார். இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு அரசாங்கம் தரும் மானியம் அந்த வருடம்தான் முதல்முறையாக அவருக்குக் கிடைத்திருந்தது. அண்டாவும் அரிசியும் போர்வைகளும் அந்தப் பணத்தில் வந்தவை.

உள்ளே நுழைந்ததும் ஈரத் துணி வாடையையும் மீறிப் புளி மணத்தது. சுவர்களில் ஊறிப்போன மணம். நான் பையோடு வாசலிலேயே நின்றேன். மாதச் சம்பளம் வாங்குகிறவள், என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்களோடு வரிசையில் தட்டு ஏந்த வேண்டும் என்பது கூச்சமாக இருந்தது.

என்னைப் போலவே இன்னொருவரும் ஒதுங்கி நின்றார். சாமை விதைக்கும் மலை விவசாயி. வீடும் போய், விதைக்கு வைத்திருந்த மூட்டையும் நனைந்துவிட்டது. மனைவியையும் பிள்ளைகளையும் சாப்பிட உட்கார வைத்துவிட்டு அவர் மட்டும் தூண் ஓரமாக நின்றார்.

"இன்னாப்பா, உனக்குப் பசிக்கலையா?" என்றார் நர்ஸம்மா.

"தர்மச் சோறு எனக்கு வாணாங்கம்மா. நான் ஒருத்தன்கிட்ட கையேந்தினது கெடையாது."

"தர்மம்னு யார் சொன்னது? நீ கடையில சோப்பு வாங்குறியே, அதுல வரி கட்டுற இல்ல? அந்தப் பணம் மேல போய்ட்டு சோறா திரும்பி வந்துகீது. உன் சோத்தை நீ சாப்பிட உனக்கு இன்னா வெக்கம்?"

அவர் ஒரு தட்டை எடுத்தார். பிறகு மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டேன். அரிசிச் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும். அவ்வளவு நிம்மதியாக நான் சாப்பிட்ட வேளைகள் குறைவு.

மறுநாள் சாலை போட வந்திருந்த ஒடிசாக்காரர்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். அவர்களுடைய தார்ப்பாய்க் கூடாரங்கள் காற்றில் பறந்துவிட்டன. நர்ஸம்மா ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பாய்களை நெருக்கிப் போடச் சொன்னார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு அவர்கள் மொழி தெரியாது. சாயங்காலத்துக்குள் அவர்களில் ஒருவர் எங்களுக்குச் சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்தார்.

மழை சற்று விட்ட ஒரு மத்தியானம், மாவட்ட அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். ஜீப்பைக் காவலூர்ப் பக்கமே விட்டுவிட்டுச் சரிந்த மண்ணின் மேல் ஏறி நடந்தே வந்திருந்தார். முழங்கால் வரை சேறு. கால் கழுவக்கூட நிற்காமல், "யாருக்காவது காய்ச்சல் இருக்கா? மருந்து இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். சுற்றிப் பார்த்தவரின் முகம், சாலைத் தொழிலாளர்களைக் கண்டதும் மாறியது.

"இந்த மானியம் உள்ளூர்க் குடும்பங்களுக்குத்தாம்மா. இவங்களுக்குப் போட்ட சாப்பாட்டை ஆடிட்ல ஒத்துக்க மாட்டாங்க."

"இதுக்குத்தான் சார், கவர்மெண்ட் துட்டு வாங்கவே நான் யோசிச்சேன். துட்டு வந்தா ரூலும் கூடவே வரும்." நர்ஸம்மாவின் குரல் உயரவில்லை. "மழை இவங்க வூரைக் கேட்டுட்டா பேஞ்சுது? வேணும்னா இவங்க சாப்பாட்டை என் பென்ஷன்ல கழிச்சுக்கோங்க. வெளிய மட்டும் அனுப்ப மாட்டேன்."

அதற்குள், முதல் நாள் தூண் ஓரம் ஒதுங்கி நின்ற விவசாயி எழுந்தார். "சார், சரிஞ்ச மண்ணை வெட்டிப் பாதை போடறது இவங்கதான். காலையில போய்ட்டு இருட்டுனப்புறம் வர்றாங்க. நாங்க சாப்பிடுறதுல இவங்களும் சாப்பிடட்டும். எங்களுக்குக் கொறஞ்சா பரவால்ல."

அதிகாரி கால் கழுவிவிட்டு வந்தார். அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொடுத்த சோற்றைச் சாப்பிட்டார். கிளம்பும்போது, "யாரையும் அனுப்பாதீங்கம்மா. நான் மேல பேசுறேன். முடியலன்னா வேற வழி பார்க்கலாம்" என்றார். சேற்றில் திரும்பி நடந்த அவரை நர்ஸம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அரசாங்க ஆட்கள் மேல் அவருக்கிருந்த சந்தேகம் அன்றைக்குக் கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும். "நல்ல புள்ள" என்று மட்டும் சொன்னார்.

பாதை திறந்து முதல் பஸ் வந்ததும் நான் கணவரிடம் போனேன். திரும்பி வந்தபோது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வேறு வீடு கிடைத்தது. விவசாயிக்கு அரசாங்கம் வீடு கட்டித் தர ஏற்பாடானது. அஸ்திவாரம் தோண்ட, வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஒடிசாக்காரர்கள் கூலி வாங்காமல் வந்து நின்றார்கள்.

அடுத்த மழைக்கு முன்னால், வகுப்பு முடித்து வந்துகொண்டிருந்தபோது நர்ஸம்மா போன் செய்தார்.

"டீச்சர், அந்த சார் பேசினார். இந்த வருஷ மானியத்துல ரூலை மாத்திட்டாங்களாம். மலையில மாட்டிக்கிட்டவங்க யாரா இருந்தாலும் சோறு போடலாமாம்."

அவரிடமிருந்து ஒரு பெருமூச்சையோ நன்றியையோ எதிர்பார்த்தேன். அவரோ ஒரே மூச்சில், "ஞாயித்துக்கிழம வந்துடுங்க. மேக்கால பக்கம் ஷீட் ஒழுகுது, போர்வையெல்லாம் வெயில்ல போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.