உச்சி வெயிலில் பனி

எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறினால் ஒரு வாசனை வருமே, அதை எல்லோரும் பழத்தின் வாசனை என்பார்கள். எனக்கு அது ஒரு ரோட்டின் வாசனை. சற்றுமுன், இந்த ராமநாதபுரம் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண் குமட்டலுக்குப் பயந்து கைப்பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் கீறி மூக்கருகே வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். சூடேறிய ரெக்ஸின் சீட், பெட்ரோல், வாடிய மல்லிகைப்பூ எல்லாம் சேர்ந்து, அந்த ஏ.சி. குளிருக்குள் ஒரு பழைய அம்பாசடர் கார் உறுமிக்கொண்டு வந்து நின்றது.

பரமக்குடி வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தேன். வரவில்லை. வரப்போவதும் இல்லை. பஸ் புறவழிச்சாலையில் ஏறியிருந்தது. ஊர் ஒரு பச்சைப் பலகையாக எதிரே வந்து, பலகையாகவே பின்னால் போனது. இப்போதெல்லாம் ஓர் ஊரைத் தாண்டிப் போக முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதில்லை. ரோடே திரும்பிக்கொள்கிறது.

முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒருத்தியை எனக்குத் தெரியும். பத்மா மதினி.

எனக்குச் சிறுவயதிலிருந்தே ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பிடும்போதே எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வருவேன். 'இவனுக்குக் கால்ல சக்கரம்' என்று வீட்டில் சொல்வார்கள். சக்கரம் இருந்தவனுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: சிம்மக்கல்லில், ஒரு எஸ்.டி.டி. பூத்தில், நாளெல்லாம் நாற்காலி. ஊரெல்லாம் என் கண்முன்னால் சூரத்துக்கும் பம்பாய்க்கும் துபாய்க்கும் பேசிக்கொண்டிருந்தது. நான் மட்டும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தேன். பூத்தை மூடியதும் வைகைப் பாலத்துக்கு நடப்பேன். கீழே ஆறு என்ற பெயரில் மணலும், மேயும் மாடுகளும், நடுவில் ஒரு கறுப்புக் கோடாகச் சாக்கடையும். இந்த ஆறு எங்கேதான் போகிறது? கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "அது எங்கிட்டும் போகாது, ஒன்னய மாதிரி."

அந்த வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்த நாட்களில்தான், பொட்டலம் மடித்து வந்த செய்தித்தாளில் அழகன்குளம் பற்றிப் படித்தேன். வைகை கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் பழைய துறைமுகம் இருந்ததாம், ரோமானியர் பானை ஓடு கிடைத்ததாம். என் ஆறு ஓரிடத்துக்குப் போய்ச் சேர்கிறது! அங்கே இடிபாடு வேறு இருக்கிறது, படகும் இருக்கும். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பெரியப்பா மகன் செல்வம் அண்ணனைப் பிடித்தேன். அண்ணன் வயரிங் வேலை பார்ப்பவர். மதுரையில் பட்டு நெய்யும் நூல்காரர் வீடு ஒன்றில் மீட்டர் பெட்டி மாட்டப் போனவர், அந்த வீட்டுப் பெண்ணையே கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்துவிட்டார். அவர்தான் பத்மா மதினி. வீட்டில் சௌராஷ்டிரம் பேசி வளர்ந்தவர், தறிச் சத்தத்திலேயே தூங்கியவர். எங்கள் தெருவோ திருவாதவூரில் ஊரைத் தாண்டி இருந்தது. தெருவின் பெயரைச் சொன்னதும் டம்ளர் மாறுகிற வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வாசல்களில், "இல்லங்க, இப்பத்தான் குடிச்சேன்" என்று சொல்லியே பழகிய நாக்கு எங்களுடையது. நாக்கு வறண்டிருக்கும்போதுகூட அதுதான் முதலில் வரும்.

கல்யாணம் இரண்டு பக்கமும் புகைந்தது. "நூல்காரப் பிள்ள நாத்து நடுமா, களை எடுக்குமா?" என்று எங்கள் பக்கம். அவர்கள் பக்கம் பேச்சே இல்லை. மதினியின் அம்மா, மகனைக் கூட்டிக்கொண்டு, தறியைப் பிரித்து, பரமக்குடியில் சொந்தக்காரர்களோடு போய்க் குடியேறிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு கடிதம் இல்லை, ஆள் இல்லை.

நான் அழகன்குளம் என்று சொன்னதும் அண்ணன் முதலில் கேட்டது இடிபாட்டைப் பற்றியல்ல.

"எந்த ரூட்டுல போவோம்?"

"பரமக்குடி வழியாத்தாண்ணே. வேற ரோடு ஏது?"

அண்ணன் மதினியைப் பார்த்தார். மதினி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "போவோம். கார் என்ன நின்னு நின்னா போகப்போகுது?" என்றார்.

காஜா பாயின் வாடகை அம்பாசடர். காஜா பாய், அண்ணனுக்குக் கூட்டாளி. அவர் வண்டியும் அவரைப் போலவே; கிளம்பும்வரை ஆயிரம் இருமல், கிளம்பிவிட்டால் நிறுத்த முடியாது. தை மாதத்து விடிகாலை. தெப்பக்குளம் தாண்டியதும் ரோடே தெரியவில்லை. பாய் துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார்.

"மாப்ள, எம்புட்டுப் பனி பாரு! கண்ணாடிய ஏத்திக்க."

"பனிதான் ஒனக்கு ஆகாதே, தலையில துண்டக் கட்டு" என்று அண்ணன் மதினியிடம் சொன்னார். மதினி தனக்குள் லேசாகச் சிரித்தார். என்ன மதினி என்றேன். "ஒண்ணுமில்ல. அந்த வார்த்தை" என்றார். எந்த வார்த்தை என்று நான் கேட்டிருக்கலாம். எனக்கோ கடல் அவசரம்.

திருப்புவனம், மானாமதுரை. ஆறு எங்களுக்கு ஒரு பக்கமாகவே, வெள்ளை மணலாகக் கூடவே ஓடி வந்தது. வெயில் ஏற ஏற வண்டிக்குள் பெட்ரோல் நெடி. மதினி பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தார்.

பரமக்குடிக்குள் நுழைந்தோம். அந்தக் காலத்தில் ரோடு ஊருக்குள்ளேதான் போகும், அதுவும் கடைக்காரர்களிடம் வழி கேட்டுக் கேட்டுப் போவதுபோல. சைக்கிளில் நூல்கட்டு, தள்ளுவண்டியில் நூல்கட்டு. ஜன்னல் வழியே சாயவாடை வந்தது. பக்கத்துத் தெருக்களிலிருந்து தறிச் சத்தம் தடக் தடக்கென்று வந்தது. மதினி முகத்தை அண்ணன் தோள் பக்கமாகத் திருப்பிக்கொண்டு பழத்தைக் கீறினார். கீறிக்கொண்டே இருந்தார். தோல் முழுக்க நகக்குறி.

"ஒரு டீயப் போடுவமா?" என்றார் பாய்.

"வேணாம் பாய். ராம்நாட்டுல குடிப்போம்." அண்ணன் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம் எங்கள் குடும்ப வியாதி என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இடிபாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும் அல்லவா? கோட்டைமேடு என்று வழி சொன்னார்கள். நான் கோட்டையை எதிர்பார்த்தேன்; தூண், மதில், குறைந்தபட்சம் ஒரு படிக்கட்டு. சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே ஒரு மேடு இருந்தது. மேட்டில் ஆடுகள் இருந்தன. தோண்டிய குழிகளை மூடியிருந்தார்கள்.

பாய் மேட்டைச் சுற்றி வந்து, "எங்கப்பா கோட்டை?" என்றார்.

"இதுதான் பாய்."

"இதா? இத மாதிரி எங்க வீட்டுக்குப் பின்னாடியே கெடக்கு. குப்ப மேடு. அதுக்கு நா வாடகையே வாங்க மாட்டேனே!"

எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் குனிந்து பார்த்தால் காலடியெல்லாம் ஓடு. கறுப்பும் சிவப்புமாக, விரல் நகம் அளவில், உள்ளங்கை அளவில். யாரோ தண்ணீர் மொண்ட பானை. எந்தப் பாஷையிலோ 'தண்ணி கொடு' என்று யாரோ யாரையோ கேட்டிருக்கிறார்கள். கேட்டவரும் போய், பாஷையும் போய், பானை மட்டும் மிச்சம். மதினி ஒரு விளிம்புத் துண்டை எடுத்து உதட்டருகே வைத்து, குடிப்பதுபோல் பாவனை செய்து பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

அங்கிருந்து ஆற்றங்கரை. ஊரின் பெயரே அதுதான். அங்கேதான் வைகை கடலைத் தொடுகிறது. நீங்கள் நம்ப மாட்டீர்கள், அங்கே தண்ணீர் இருந்தது! மதுரையில் நான் தேடிய தண்ணீர் அம்புட்டும் எனக்கு முன்னால் வந்து காத்திருந்ததுபோல, அகலமாக, பச்சையாக. உப்புத் தண்ணீர் என்று பிறகு சொன்னார்கள். யார் கேட்டது அதை?

மீன்பிடிக்கிற வள்ளம்தான், சவாரிப் படகு அல்ல. படகுக்காரர் பேசிப் பேசிச் சம்மதித்தார். முகத்துவாரம்வரை போய்த் திரும்புவது என்று பேச்சு. நான் முன்னால் நின்றுகொண்டு ரோமானியக் கப்பல் தலைவனைப் போல் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சி வெயில். நடு ஆறு. பின்னாலிருந்து மதினியின் குரல் கிழிந்துகொண்டு வந்தது.

"பனி! பனி!"

அண்ணன் வானத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு மேகத் துணுக்கு இல்லை.

"என்னடி பனி? மண்ட காயுது வெயிலு!"

"பனி! ஐயோ, பனீ!"

படகுக்காரர் துடுப்பை நிறுத்தாமலே, "இங்கிட்டுப் பனியெல்லாம் விடியக்காலையோட சரிம்மா. ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?" என்றார்.

காஜா பாய்தான் கத்தினார்: "அட மடப்பயலுகளா, பானி! பானிங்கிறாங்கப்பா, அவங்க பாஷையில! தண்ணி! எங்க அம்மாவூட்டு உருதுலயும் அதான். கீழ பாருங்க, தண்ணி ஏறுது!"

பார்த்தோம். பலகை இடுக்கில் அடைத்திருந்த பஞ்சு விட்டுப்போய், மதினியின் கணுக்காலுக்குத் தண்ணீர் வந்திருந்தது. பிறகு நடந்ததை விவரித்தால் எங்கள் மரியாதை போகும். தயிர்சோற்றுத் தூக்குவாளியைக் கவிழ்த்துவிட்டு அதனால் அண்ணன் மொண்டு ஊற்றினார், மூடியால் பாய் மொண்டார். ரோமானியக் கப்பல் தலைவன் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டான். படகுக்காரர் சட்டைத் துணியைத் திணித்து ஓட்டையை அடைத்துவிட்டு, "இதுக்கா இம்புட்டு?" என்று கரைக்குத் திருப்பினார்.

கரையில் ஈரச்சேலையோடு உட்கார்ந்து மதினி சிரித்தார். அண்ணன் வானத்தைப் பார்த்ததை நடித்துக் காட்டிச் சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

"என்ன புள்ள?"

"எத்தன வருசமாச்சு, அந்த வார்த்தைய வாய்விட்டுச் சொல்லி. யார்கிட்ட சொல்றது? இப்பல்லாம் கனவுகூடத் தமிழ்லதான் வருது." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மறந்தே போச்சுன்னு நெனச்சேன். சாகப்போறோம்னதும் அதான் வருது, பாருங்க." முந்தானையைப் பிழிந்துவிட்டு எழுந்தார். "திரும்புறப்ப பரமக்குடியில நிப்பாட்டுங்க."

திரும்பும் வழியில் ராமநாதபுரத்தில் டீ குடிக்க இறங்கியபோது அண்ணன் என்னிடம் மட்டும் சொன்னார்: "உள்ள போனா விடுவாய்ங்களாடா? ஒருவேள, அவளே இருந்துக்கிறேன்னு சொல்லிட்டா?" நான் கடலுக்கு ஆசைப்பட்டு அண்ணனின் குடித்தனத்தைப் பணயம் வைத்துவிட்டேனோ?

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. மதினி தெருமுனையில் ஒருவரிடம் தன் பாஷையில் கேட்டார். கேட்டவுடன் வழி கிடைத்தது. பொழுது சாய்கிற நேரம். கதவைத் திறந்த அம்மா, மகளைப் பார்த்தார். உப்பு பூத்த சேலையைப் பார்த்தார். பின்னால் நிற்கிற அண்ணனைப் பார்த்தார். உள்ளே ஒரு தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனின் முழங்கால் ஆடுவது வேட்டிக்கு வெளியே தெரிந்தது.

பிறகு அம்மா கேட்டார்:

"பனி?"

காலையில் கேட்டிருந்தால் நான் வானத்தைப் பார்த்திருப்பேன்.

மதினி தலையை ஆட்டினார். அம்மா உள்ளே போய் ஒரு எவர்சில்வர் செம்பில் கொண்டுவந்தார். மதினி பாதி குடித்தார். அம்மா அதே செம்பை மகள் கையிலிருந்து வாங்கி, அண்ணனிடம் நீட்டினார்.

"இல்லத்தே, இப்பத்தான்..." என்று அண்ணனின் நாக்கு தன் பழைய வேலையைத் தொடங்கியது.

"குடிங்க" என்றார் மதினி.

குடித்தார். செம்பு காலியாகும்வரை இறக்கவில்லை. எனக்கும் பாய்க்கும் அம்மா மறுபடி உள்ளே போய் அதே செம்பை நிரப்பி வந்தார்.

இன்று அந்த அம்மா இல்லை. காஜா பாய் இல்லை, அவர் அம்பாசடர் எந்த இரும்புக் கடைக்குப் போனதோ தெரியாது. எஸ்.டி.டி. பூத் இருந்த இடத்தில் செல்போன் கடை. அந்தக் கண்ணாடிக்குள் நின்றுதான் அதன்பின் ஞாயிறுதோறும் ஒருத்தி பரமக்குடிக்குப் போன் போட்டு, எனக்குப் புரியாத பாஷையில், சண்டை போட்டாள், சமையல் கேட்டாள், ஒருமுறை பாடக்கூடச் செய்தாள். அண்ணன் குடும்பம் திருப்பூர் போய்விட்டது. பிள்ளைகள் இரண்டும் தாகமெடுத்தால் 'வாட்டர்' என்கின்றன. நான் இன்னும் எங்கும் போய்ச் சேரவில்லை, பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன். முன் இருக்கைப் பெண் பழத்தைப் பைக்குள் வைத்துவிட்டார். வாசனை நின்றுவிட்டது.

அன்றைக்கு அம்மா, மகளை இருந்துவிட்டுப் போகச் சொன்னார். எத்தனை நாள் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பாய் வண்டியைக் கிளப்பிவிட்டார். அண்ணன் ஒரு காலைக் காருக்குள்ளும் ஒரு காலைத் தெருவிலுமாக வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கிளம்புகிறவர்தான் 'வாரேன்' என்பார், வீட்டில் இருப்பவர் 'போயிட்டு வாங்க' என்பார். அண்ணனுக்கு வாய் திறக்கவில்லை. தாய்வீட்டு வாசற்படியில், அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில் நின்றபடி, மதினிதான் சொன்னார்:

"வாரேன்."

"நாந்தானடி கெளம்புறேன். வாசல்ல நின்னுக்கிட்டு நீ என்ன வாரேங்குற?"

"நீங்க போங்க. நான் வாரேன்."