பூட்டனுக்கு இரண்டு திகதி

தொண்ணூறுகளின் நடுவில், சுவிஸில் பேர்ன் பக்கத்துக் கிராமம் ஒன்றின் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். என் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. எங்கள் வீடு எரிக்கப்பட்ட நாளை முதல் விசாரணையில் வியாழக்கிழமை என்றேனாம், இரண்டாவதில் வெள்ளிக்கிழமை என்றேனாம். ஆகவே வீடே எரியவில்லை என்பது அவர்களின் முடிவு. மேன்முறையீட்டில் வக்கீல் வியாழக்கிழமை என்று எழுதினார். அது வென்றால்தான் கொழும்பு லொட்ஜில் இருந்த மனைவியையும் மகளையும் கூப்பிடலாம்.

ஒருநாள் மத்தியானம் முதலாளி என்னைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டார். மேசையில் ஓர் அமெரிக்கத் தம்பதி. அந்தாளின் பூட்டன் இந்த ஊரிலிருந்து அமெரிக்கா போய், வெறும் புல்லாய்க் கிடந்த நிலத்தை உழுது சோளம் போட்ட முதல் ஆட்களில் ஒருவராம். பூட்டனின் சரித்திரத்தைத் தடித்த கோப்பாகக் கட்டி எடுத்து வந்திருந்தார். ஊர்ப் பதிவாளரும் பழைய பதிவுப் புத்தகத்தோடு வந்திருந்தார். அவருக்கும் முதலாளிக்கும் இங்கிலீஷ் வராது; எனக்கு அதுவும் கொஞ்சம் ஜெர்மனும் வரும். ஆகவே, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நான் மொழிபெயர்ப்பாளன் ஆனேன்.

பனி உருகியதும் பூட்டன் கப்பலேறினார் என்றது கோப்பு. அறுவடை முடிந்த பிறகுதான் ஊரை விட்டுப் போனார் என்றது புத்தகம். அண்ணனும் கூடப் போனார் என்றது கோப்பு. புத்தகத்தில் அண்ணனே இல்லை. பூட்டன் துலைஞ்சான் என்று நினைத்தேன்.

பதிவாளர் சிரித்தார். "பழைய கதை. ஞாபகம் அப்படித்தான் இருக்கும்," என்றார். மொழிபெயர்த்தேன். அமெரிக்கரும் சிரித்தார். முதலாளி எல்லோருக்கும் வைன் ஊற்றினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தாளின் பூட்டனுக்கு இரண்டு திகதி இருக்கலாம், எனக்கு மட்டும் கூடாதோ! போய் மிச்சக் கோப்பைகளைக் கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்கு டெலிபோன் எடுத்தபோது மனைவியிடம் இதைச் சொல்லிக் கொதித்தேன்.

"என்னப்பா கதைக்கிறியள்? வியாழனும் இல்லை, வெள்ளியும் இல்லை. அது சனிக்கிழமை. நான் கோயில்ல சனீஸ்வரனுக்கு எள்ளு எரிச்சுப்போட்டு வரேக்கைதானே வீடு எரிஞ்சுகொண்டு நிண்டது," என்றாள்.

அவள் சொன்னதும் எல்லாம் ஞாபகம் வந்தது. எண்ணெய்ப் போத்தலைக் கையில் பிடித்தபடி வாசல் படலையடியில் நின்று குழறி அழுதாள். பக்கத்தில் மகள்.

"ஓம், சனிதான்," என்றேன். "ஆனா ஆர் கேட்டாலும் வியாழன் எண்டு சொல்லும். பிள்ளைக்கும் பாடமாக்கி விடும்."