விலாசம் எழுதாத கவர்

அம்பாளை நம்புகிற உங்கள் முன்னால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். 1979-ஆம் வருஷம் ஆனி மாதத்தில் ஒரு வாரம் முழுக்க நான் அவளைத் திட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவளுக்குப் பூஜை செய்கிற குருக்களுக்குப் பிள்ளையாகப் பிறந்து, அவள் பிரசாதத்தைச் சாப்பிட்டு வளர்ந்துவிட்டு, திட்டினேன். அந்த வாரத்தில்தான் அவள் எனக்கு வழி காட்டினாள். அந்த ஆனி மாதம் முடிந்த பிறகு எட்டு வருஷமாக இதை வீட்டுக்கு வெளியே சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. இப்போது சொல்கிறேன்.

எங்கள் அப்பா திருவண்ணாமலைக் கோயிலில் உண்ணாமுலை அம்மன் சந்நிதியில் முறை வைத்துப் பூஜை பார்க்கிறவர். நான் ஒரே பிள்ளை. உள்ளூர்க் கல்லூரியில் பி.ஏ. முடித்திருந்தேன். பத்திரிகைக்காரன் ஆகவேண்டும் என்று ஒரே பிடிவாதம். எங்கள் தெருவில் அப்படி ஒரு படிப்பு இருப்பதே யாருக்கும் தெரியாது. "பேப்பர் போடறதுக்கு எதுக்குடா காலேஜ்?" என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அப்பா மட்டும், "உனக்கு எது வருமோ அதைப் படி" என்றார். அம்மா இறந்த பிறகு அவர் என்னை எதற்கும் தடுத்ததில்லை.

இரண்டு கல்லூரிகளிலிருந்து கடிதம் வந்தது. ஒன்று பெங்களூர். வழவழ காகிதத்தில் புத்தகம் அனுப்பியிருந்தார்கள். பெரிய கட்டடம், புல்வெளி, சொந்த அச்சகம், எல்லாவற்றுக்கும் படம். என் மார்க்குக்கு இடம் கிடைத்த மாதிரிதான். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் சனிக்கிழமைக்குள் தபாலில் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று மெட்ராஸ். சைக்ளோஸ்டைலில் மங்கலாக உருட்டி எடுத்த இரண்டு தாள். இருபதே இடம். அந்தச் சனிக்கு அடுத்த திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு, ஒரிஜினல்களோடு வரவேண்டும்.

என்னிடம் இருந்தது ஒரே செட். மார்க் ஷீட், டி.சி., பட்டத்துக்கான தற்காலிகச் சான்றிதழ். பெங்களூருக்கு அனுப்பினால் மெட்ராஸ் போச்சு. மெட்ராஸுக்கு வைத்துக்கொண்டால் பெங்களூர் போச்சு. இதில் ஒன்றும் பெரிய குழப்பம் இல்லை என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை. மனசு பெங்களூரில் இருந்தது. ஆனால் என் இங்கிலீஷ் அங்கே எடுபடுமா? மெட்ராஸில் தமிழிலும் எழுதலாம், ஆனால் இருபது பேரில் என்னை யார் எடுப்பார்கள்? காலையில் பெங்களூர் என்பேன், மத்தியானம் மெட்ராஸ் என்பேன்.

கெடு முடிகிற வாரம், திங்கட்கிழமை காலை அப்பா சொன்னார். "சர்டிபிகேட்டை எல்லாம் ஒரு கவர்ல போட்டுக் குடு. அட்ரஸ் எழுதாதே. அம்பாள் பாதத்துல ஒரு நாள் இருக்கட்டும். நாளைக்கு எடுத்து, மனசுல எது தோணறதோ அந்த அட்ரஸை எழுது."

எங்களுக்கு இது புதிதில்லை. கல்யாணப் பத்திரிகை, பரீட்சை ஹால் டிக்கெட், வீட்டுப் பத்திரம் எல்லாமே பாதத்தில் வைத்து எடுப்பதுதான். ஒரு பழுப்புக் கவரில் மூன்று தாள்களையும் போட்டுக் கொடுத்தேன். அப்பா அதில் ஒரு சிட்டிகை குங்குமமும் போட்டு, ஒட்டி, எடுத்துப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் ஒரு புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். அப்பா ஹோமத்துக்குப் போய்விட்டார். சந்நிதியில் அவருக்குப் பதிலாகச் சித்தப்பா நின்றார். மத்தியானம் அப்பா திரும்பி வந்து பார்த்தபோது கவர் இல்லை.

வெளியூரில் இருக்கிற உபயதாரர்களுக்குக் குங்குமத்தைப் பழுப்புக் கவரில் போட்டு, பாதத்தில் வைத்து, அனுப்புவது சந்நிதி வழக்கம். சித்தப்பா இதையும் அப்படித்தான் நினைத்தார். அர்ச்சனைக்கு வந்த ஒரு குடும்பம் மனசு நிறையும்படி சேவித்ததாம். மாலை, தேங்காய், பழத்தோடு அந்தக் கவரையும் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டார். "யாருக்கு?" என்று கத்தினேன். "ஒரு மாமி. கூட மொட்டை அடிச்ச பெண் குழந்தை. ஊர் பேர் நான் கேக்கலையேடா" என்றார் சித்தப்பா. அவர்மேல் எனக்கு இரக்கமே வரவில்லை.

டூப்ளிகேட் வாங்க மூன்று நான்கு மாதம் ஆகும் என்று நான் படித்த கல்லூரி அலுவலகத்தில் சொன்னார்கள். அதற்குள் இரண்டு கல்லூரியிலும் வகுப்பு ஆரம்பித்துவிடும். ஒரு வருஷம் போச்சு. அடுத்த வருஷம் யார் கூப்பிடுவார்கள்?

வீட்டுக்கு வந்து அப்பாவைப் பார்த்து நான் சொன்ன வார்த்தைகளை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. "உங்க அம்பாளை நம்பி நான் நாசமாப் போனேன். அது கல்லு. அதுக்கு சர்டிபிகேட்டும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. நீங்க கெட்டது போதாதுன்னு என்னையும் கெடுத்துட்டேள்."

அப்பா அன்றிலிருந்து சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். முறை இருந்தும் சந்நிதிக்குள் போகவில்லை. சித்தப்பாவை அனுப்பிவிட்டு, பிராகாரத்தில் தூணோரம் உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டு வருஷமாக அம்பாளைத் தொட்டு அலங்காரம் செய்த மனுஷன், வெளியூர்க்காரர் மாதிரி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வீட்டில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். புதன், வியாழன், வெள்ளி. இந்த மூன்று நாளில் நான் ஒருவரிடமாவது போய் "அந்தக் குடும்பத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டேனா? இல்லை. பத்திரிகைக்காரன் ஆகப்போகிறவனின் லட்சணம் இது.

சனிக்கிழமை விடிந்தது. பெங்களூரின் கடைசி நாள். இனி அது முடிந்த கதை. படுக்க முடியவில்லை. செருப்பில்லாமல் கிளம்பி மலையைச் சுற்ற ஆரம்பித்தேன். பக்தியால் இல்லை. வீட்டில் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால்தான். மெயின் ரோட்டில் ஒரு லாரி வந்தபோது, இதில் விழுந்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் சாட்சி என்றால் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. உள்ளங்கால் கொப்பளித்திருந்தது. அங்கே ரோட்டோரம் ஒரு டீக்கடை. அதன் பக்கத்தில் புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். எதிரில் மலை. அழுகை வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதேன். அப்போதுதான் முதல்முறையாக, திட்டாமல் அவளிடம் கேட்டேன். "அம்மா, என்னால முடியல. பெங்களூரா மெட்ராஸான்னு இனிமே நான் கேக்க மாட்டேன். நீ எங்க தள்றியோ அங்க போறேன். எங்கப்பா மறுபடி உன் சந்நிதிக்குள்ள வரணும். அதுக்காவது அந்தக் கவரைக் குடு."

"இன்னா சாமி ஆச்சு? ஏன் இப்டி அழுவுறீங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். டீக்கடைக்கார அம்மா, கையில் ஒரு சொம்பு மோரோடு நின்றிருந்தார். குடித்தேன். குடித்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மொட்டைக் குழந்தை என்றதும் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"மொட்டை போட்ட பொம்பளப் புள்ளயா? செவ்வாக்கெழமையா? இங்கதான் காரை நிறுத்தி அந்தக் கொழந்தைக்குப் பால் காய்ச்சி வாங்கினாங்க. அதுக்கு ஒடம்பு அனலா கொதிச்சிது. எங்க தங்கினு இருக்கீங்கன்னு கேட்டேன். ஆசிரமத்தாண்ட, பச்சைக் கேட்டு போட்ட ஊடுன்னாங்க. இங்க அழுதுனு இருக்காம அங்க போய்க் கேளுங்க சாமி."

நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை. அந்தக் காலோடு ஆசிரமம் இருக்கிற செங்கம் ரோட்டுக்கு ஓடினேன். அறைகள் வாடகைக்கு விடுகிற பச்சைக் கேட் வீடு இருந்தது. குடும்பம் புதன்கிழமையே போயிருந்தது. ஆனால் நோட்டில் விலாசம் இருந்தது. மெட்ராஸ், மாம்பலத்தில் ஒரு தெரு.

வழியில் கோயிலுக்குப் போய்த் தூணோரம் இருந்த அப்பாவிடம் சொன்னேன். காலில் விழுந்தேன். "போய்ட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ். மத்தியானம் மாம்பலத்தில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். மாமிதான் திறந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. என்னை உள்ளே கூட்டிப்போய்ப் பூஜை அலமாரியைக் காட்டினார். நடுவில், அம்பாள் படத்துக்கு முன்னால், என் கவர். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பூ வைத்து, எதிரில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பாதத்துலேர்ந்து எடுத்துக் குடுத்தார். அதைப் போய்ப் பிரிக்கலாமா? அஞ்சு நாளா விளக்கேத்திக் கும்பிட்டுண்டு இருக்கேன். கொழந்தைக்கு ஜுரம் விட்டதே இது வந்த அப்புறந்தான்" என்றார். எடுக்க அவருக்கு மனசில்லை. பிரித்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். பிடுங்கிக்கொண்டு ஓடுவதா? கை நீட்டப் போய், மடக்கிக்கொண்டேன்.

கடைசியில் மாமியே கேட்டார். "இதை வெச்சது உங்கப்பாவா?"

"ஆமா மாமி. செவ்வாய்க்கிழமையிலேர்ந்து அவர் சரியா சாப்பிடல. சந்நிதிக்குள்ளயும் போகல."

மாமி நமஸ்காரம் செய்து எடுத்து, மெதுவாகப் பிரித்தார். முதலில் குங்குமம் கொட்டியது. அதைத் தன் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு, "இது எனக்கு, அது உனக்கு" என்றார். தாள்களை என் கையில் கொடுத்து, சோறு போட்டு, அன்றைக்குத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார்.

திங்கட்கிழமை காலை மெட்ராஸ் கல்லூரியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் மார்க் ஷீட்டை விரித்தார். மடிப்பில் மிச்சமிருந்த குங்குமம் அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது. "என்னப்பா இது?" என்று அதட்டினார். செத்தேன் என்று நினைத்தேன். போகிறது போகட்டும் என்று நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். திட்டியதையும் மறைக்கவில்லை. முடித்ததும் அவர் கேட்டார்.

"அந்த டீக்கடை அம்மா பேர் என்ன?"

"கேக்கல சார்."

"உனக்கு வழி சொன்னவங்க பேரையே கேக்கலையா? ஊருக்குப் போனதும் முதல் வேலையா அதைக் கேளு. நீ போகலாம்."

தோற்றுவிட்டேன் என்றுதான் வெளியே வந்தேன். சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பத்தொன்பதுவரை நான் இல்லை. இருபதாவது என் பெயர்.

பெங்களூர் கல்லூரி பிறகு என்ன ஆயிற்று என்று வீட்டில் சிலர் ஆசையோடு கேட்கிறார்கள், அது மூடிப்போயிருக்கும் என்று எதிர்பார்த்து. மூடவில்லை. நன்றாகத்தான் நடக்கிறது. அங்கே படித்திருந்தாலும் நான் பிழைத்திருப்பேன். ஆனால் வாய் திறந்து கேட்கத் தெரியாதவனாகவே போயிருப்பேன்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் அடி அண்ணாமலைக்குப் போனேன். அந்த அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். கவர் கிடைத்ததைச் சொல்லிவிட்டு, "உங்க பேர் என்னங்க?" என்று கேட்டேன். சிரித்தார்.

"இந்த ஊர்ல பொறந்த பொம்பளைக்கு வேற இன்னா பேரு வெப்பாங்க? உண்ணாமலைதான்."

உண்ணாமுலை அம்மன் பேர்தான் ஊர் வாயில் உண்ணாமலை; எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு உண்ணாமலை உண்டு. எனக்குத் தெரியும். நிருபர் வேலை பார்க்கிற புத்தி இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அன்றைக்கு அந்த அடுப்படியில் நின்றவனுக்கு அது கேட்கவில்லை. எல்லாரும் பார்க்க நின்று அழுதேன். "இன்னா சாமி, மறுபடியுமா?" என்றார் அந்த அம்மா.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். கவர் கிடைத்ததைச் சொன்ன அன்றே அவர் சந்நிதிக்குத் திரும்பியிருந்தார். இதைக் கேட்டதும் எழுந்து, ஒரு பழுப்புக் கவரை எடுத்து, அம்பாள் குங்குமத்தைப் போட்டு ஒட்டினார். என் முன்னால் வைத்தார். "இதுக்காவது அட்ரஸை எழுதுடா" என்றார். அந்த வாரம் முழுவதிலும் அவர் சிரித்தது அப்போதுதான். நான் எழுதினேன்: உண்ணாமலை அம்மா, டீக்கடை, அடி அண்ணாமலை.

எந்தக் கல்லூரி, எந்த வேலை, எந்த வழி என்று தெரியாமல் உங்களில் யாராவது இன்றைக்குக் குப்புறப் படுத்துக் கிடக்கலாம். என்னைப்போல் அவளைத் திட்டியும் இருக்கலாம். பரவாயில்லை, அவள் தாங்கிக்கொள்வாள். திட்டி முடித்ததும் அவளிடம் ஒரு தடவை கேளுங்கள். பிறகு எழுந்து, உங்கள் பக்கத்தில் மோரோடு வந்து நிற்கிறவரிடமும் கேளுங்கள். அவர் பெயரையும் மறக்காமல் கேளுங்கள்.