சிங்கப் பிடரிக்கு இருபத்திரண்டு டிகிரி

போன வாரம் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தஞ்சாவூரில். மே மாதத்தில்!

சிரிக்காதீர்கள். எல்லாம் ஒரு காளானால் வந்த வினை.

பெங்களூரில் இருக்கும் என் மகன் அருண் தினமும் காலையில் வீடியோ காலில் வந்துவிடுவான். பேச விஷயம் இருக்கிறதோ இல்லையோ, முகத்தைக் காட்டியாக வேண்டும். இரண்டு மாதம் முன்பு ஒரு நாள், பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் பார்வை எனக்குப் பின்னால் போனது.

"அப்பா, மேஜைல ரெண்டு டம்ளர் காபி இருக்கே... யாராவது வந்திருக்காங்களா?"

"இல்லையேப்பா."

"அப்ப இன்னொண்ணு யாருக்கு?"

என்ன சொல்ல? "தெரியாம கலந்துட்டேன்" என்று சமாளித்தேன். மறுநாளும் இரண்டு டம்ளர் இருந்ததைப் பார்த்துவிட்டான்.

என் மனைவி ராஜி போன ஐப்பசியில் தவறிப்போனாள். தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், அந்த வாரம் இந்தப் பத்தி வரவில்லை.

மகன் தீர்ப்பே எழுதிவிட்டான்: அப்பாவுக்கு மறதி. "இன்னிக்கு காபி, நாளைக்கு கேஸை மூட மறந்தா என்னப்பா ஆகும்? லீவு கிடைச்சதும் வரேன். வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடுங்க."

பெங்களூரில் எனக்கு ஒரு குறையும் இருக்காது. கட்டில் இருக்கும், டிவி இருக்கும், பேத்தி இருப்பாள். ஆனால் இது ராஜி நடமாடிய வீடு. இதைப் பூட்டிவிட்டு நான் எங்கே போவது?

"சரி, அதுவரைக்கும் இதையாவது சாப்பிடுங்க" என்று அவன் இன்டர்நெட்டில் கண்டுபிடித்ததுதான் லயன்ஸ் மேன்... தமிழில் சிங்கப் பிடரிக் காளான். ஞாபக சக்திக்கு நல்லதாம். படத்தில் பார்த்தேன். குடை கிடையாது, காம்பு கிடையாது. ஒரு வெள்ளை உருண்டை, அதிலிருந்து தாடி மாதிரி தொங்கும் இழைகள். சிங்கம் எங்கே வந்தது? நான்கு நாள் சவரம் செய்யாத என் முகவாய்தான் அது.

வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டேன். "ஆராய்ச்சி நடக்குது சார். இன்னும் உறுதியா எதுவும் சொல்ல முடியாது. கொழுப்பு கம்மி, நார்ச்சத்து இருக்கு. நல்ல சாப்பாடுன்னு நினைச்சு சாப்பிடுங்க. பி.பி. மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார்.

பட்டுக்கோட்டையில் காளான் பண்ணை வைத்திருக்கும் சங்கீதா என்ற பெண்ணிடமிருந்து பை வந்து இறங்கியது. மரத்தூளும் தவிடும் அடைத்த பை. உள்ளே வெள்ளை வெளேரென்று காளான் இழை ஏற்கெனவே படர்ந்திருந்தது. பையில் சின்னதாகக் கீறிவிட வேண்டும். வெயில் படக் கூடாது. சுற்றிலும் ஈரம் இருக்க அடிக்கடி தண்ணீர் தெளிக்க வேண்டும்.

"முக்கியமா குளிர்ச்சி வேணும் சார். ஏ.சி. இருக்கா? இருபத்திரண்டுல வெச்சிடுங்க" என்றார் சங்கீதா போனில்.

இருபத்திரண்டு!

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஏ.சி. அது படுக்கையறையில். ராஜிக்கு எப்போதும் இருபத்திரண்டு வேண்டும். எனக்கு இருபத்தாறு. அவள் தூங்கியதும் நான் ஏற்றுவேன். கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி ரிமோட்டை வாங்கி இறக்கிவிடுவாள். அவள் போன பிறகு அந்த ஏ.சி.யை நான் போடவே இல்லை. ஹாலில் படுத்துக்கொண்டேன். அறையைப் பெருக்கும்போது திறப்பதோடு சரி.

பையை அங்கே வைத்தேன். ஏ.சி. காற்றில் ஈரம் காய்ந்துவிடுமே? என்னதான் பேங்க் உத்தியோகம் பார்த்தாலும் நான் வயலில் வளர்ந்தவன். விதைநெல்லை முளைகட்ட என்ன செய்வோம்? ஊறவைத்து, ஈரச் சாக்கில் கட்டி, காற்றுப் புகாமல் மூட்டம் போடுவோம். அதையே செய்தேன். பையைச் சுற்றி ஈரச் சாக்கு. அதன் மேல் இன்னொன்று. அறைக் கதவையும் இறுக்கிச் சாத்தினேன்.

பிடரி வரவில்லை. இஞ்சி மாதிரி கிளை கிளையாக என்னவோ வந்தது. போட்டோ எடுத்து சங்கீதாவுக்கு அனுப்பினேன். உடனே போன்.

"ஐயோ சார், நெல்லு மாதிரி மூட்டம் போட்டுட்டீங்களா? டெல்டா பக்கம் எல்லாரும் இதைத்தான் பண்றாங்க! அது மூச்சு விடணும் சார். சாக்கைத் தூக்கிப் போடுங்க. கதவைத் திறந்து வைங்க. காலைல கொஞ்ச நேரம் ஜன்னலையும் திறங்க."

திறந்தேன்.

தண்ணீர் தெளிக்க அடிக்கடி உள்ளே போக வேண்டியிருந்தது. போனால் உடனே திரும்ப மனமில்லை. ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். அலமாரியில் அவள் சீப்பு, பாதி தீர்ந்த தைல பாட்டில். சொல்லிவிடுகிறேனே... பகலை எப்படியோ ஓட்டிவிடலாம். சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில் வீடு வெறிச்சென்று இருக்கிறது பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. குளிர்ந்தது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன். ஏ.சி.யை மட்டும் ஏற்றவில்லை.

அடுத்த கீறலில் அசல் பிடரியே வந்தது. இழைகள் கொஞ்சம் நீண்டதும், மஞ்சள் தட்டுவதற்குள் அறுத்துவிட வேண்டும். கையால் பிய்த்து, வெறும் வாணலியில் தண்ணீர் சுண்டும்வரை வதக்கி, பிறகு நெய், மிளகுத்தூள், உப்பு. நண்டு மாதிரி ருசி என்கிறார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஓர் ஆளுக்கு அது அதிகம். பாதி மிஞ்சிவிட்டது.

மறுநாள் வீடியோ காலை அந்த அறையிலிருந்தே பேசினேன்.

"என்னப்பா, ஸ்வெட்டரா? எங்க இருக்கீங்க?"

"அம்மா ரூம்ல."

"ஏ.சி. எத்தனைல இருக்கு?"

"இருபத்திரண்டு."

அந்தச் சண்டையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. என் ஸ்வெட்டரை இன்னொரு முறை பார்த்தான். அப்புறம் அவன் கண் ஜன்னல் விளிம்புக்குப் போனது. அங்கே இரண்டு டம்ளர்.

"அப்பா..."

"தெரிஞ்சுதான்ப்பா கலந்தேன். அன்னிக்கும் தெரிஞ்சுதான் கலந்தேன்."

அவன் முகம் திரையை விட்டு விலகியது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. வீட்டைப் பூட்டும் பேச்சை எடுக்கவில்லை. "ஆறிடப் போகுது, குடிங்கப்பா" என்றான்.

முதல் டம்ளரைக் குடித்தேன். இரண்டாவதில் அரை ஸ்பூன் சர்க்கரை கூடுதல், அவளுக்கு அப்படித்தான் வேண்டும்... இதை மறக்காதவனுக்கு அந்தக் காளான் புதிதாக என்ன செய்துவிடப் போகிறது?